காலையில் முதல் அரை மணி நேரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு:
பள்ளிக்கு ஓடும் இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட வேண்டிய மாமியார், எட்டரை மணிக்கு எனக்குப் பஸ். முன்பெல்லாம் அலாரத்தை அணைத்த கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்துவிடுவேன். ஆபீஸ் குரூப்பில் நடுராத்திரி வந்த குறை, சொந்தக்காரர் வீட்டுச் சண்டை எல்லாம் பல் தேய்ப்பதற்குள் தலையில் ஏறிவிடும். அப்புறம் டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம் என்று சின்னவன் சொன்னால் போதும், ஒரே கத்தல்தான்.

இப்போது போன் ராத்திரியே ஹாலில் சார்ஜுக்குப் போய்விடுகிறது. எழுப்ப ஒரு பழைய அலாரம் கடிகாரம். எழுந்ததும் வாசல் தெளித்து 5 புள்ளி, 5 வரிசையில் ஒரு சிக்குக் கோலம். சிக்குக் கோலத்தில் கவனம் கொஞ்சம் பிசகினாலும் கோடு வந்து சேராது. அதனால் வேறு எதையும் யோசிக்க முடிவதில்லை. மாமியாரின் சர்க்கரையும் குறையவில்லை, ஆபீஸ் தொல்லையும் தீரவில்லை. ஆனால் மூடியைக் காணோம் என்றால் இப்போது தேடிக் கொடுக்கிறேன். “அம்மா இப்பல்லாம் காலைல திட்டறதே இல்ல” என்று பெரியவள் பாட்டியிடம் சொன்னது காதில் விழுந்தது.

சென்னை, நைட் ஷிப்ட்:
அக்கா, எனக்கு விடிவதே மதியம் 2 மணிக்கு. ஐந்து மணிக்கு எழுந்தால்தான் உருப்படுவாய் என்று ரீல்ஸில் ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். எனக்கு உதவியது வெளிச்சத்தைக் கவனித்ததுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை பகல் எது, இரவு எது என்று முடிவு செய்கிறது. இந்த உடல் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017 மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அதனால் காலையில் கேபில் வீடு திரும்பும்போது கூலிங் கிளாஸ் (டிரைவர் அண்ணன் சிரிப்பார், சிரிக்கட்டும்), அறையில் கனமான திரை. எழுந்ததும் திரையை விலக்கிவிட்டு, காபியோடு பால்கனி நிழலில் கொஞ்ச நேரம். தினமும் இதே வரிசை. முன்பு எழும்போதே இருந்த சிடுசிடுப்பு இப்போது பெரும்பாலும் இல்லை.

நாகர்கோவில்:
நீங்கள் எழுதியதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு முற்றியிருந்த காலத்தில் எனக்குக் காலைதான் மிக மோசம். சாயங்காலம் ஓரளவு தேவலை. சிலருக்கு இந்த நோய் அப்படித்தான், காலையில் கூடுதலாக அழுத்தும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் சோம்பேறி இல்லை என்று நிம்மதி வந்தது. அப்போது யாராவது யோகா, நடை, டைரி என்று பட்டியல் நீட்டியிருந்தால் போர்வையை இன்னும் இழுத்து மூடியிருப்பேன். ஜன்னலைத் திற, முகம் கழுவு, அதோடு சரி என்றார் டாக்டர். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் நடைக்கெல்லாம் போனேன்.

பல வாரமாக எழவே முடியாமல் கிடப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கோலத்துக்கு முன்னால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.