வடக்குத்தெரு சொந்தங்கள்

மார்ச் 15, 2025, சனிக்கிழமை

காலை 6:10
பெரியப்பா (வாத்தியார்): அனைவருக்கும் வணக்கம். வருகிற வியாழன், 20-ஆம் தேதி, நம் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா. எச்.எம். டீச்சர் நேற்று வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வரி எழுதி மேடையில் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மொத்தம் 12 பேர். இவர்கள் சாதாரண செட் இல்லை. 2020-ல் ஆறாம் வகுப்பில் பெயர் சேர்த்தோம். கொரோனாவால் அந்த வருஷம் முழுக்க இவர்களுக்குப் பள்ளி திறக்கவில்லை. 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான், அதுவும் ஏழாம் வகுப்பில், முதன்முதலாக பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் 1975-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது அது 11-ஆம் வகுப்பு. 1978-லிருந்துதான் பத்தோடு நிறுத்தி, மேலே இரண்டு வருஷம் பிளஸ் டூ என்று பிரித்தார்கள். ஆகவே ஒரு வகையில் பார்த்தால்

6:11
பெரியப்பா (வாத்தியார்): கை பட்டுப் போய்விட்டது. தொடர்கிறேன்.

6:11
செல்வி அத்தை: அண்ணன், சுருக்கமாகச் சொல்லுங்கள். இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

6:13
ரேவதி அக்கா: அவரவர் பிள்ளையைப் பற்றி ஏதாவது ஒன்று அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

6:13
துரை மாமா: ஓகே மச்சான்

6:20
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): சாப்பாடு என்ன?

6:21
செல்வி அத்தை: வந்துவிட்டான்.

6:40
பெரியப்பா (வாத்தியார்): எழுதியவரை அனுப்புகிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

அபினேஷ்: “பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யும் அன்புத் தம்பி. 2023-ல் அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இவன் மாலைப் பொழுதெல்லாம் தண்டவாளத்தின் ஓரம்தான். திருத்துறைப்பூண்டி வரை உள்ள 37 கிலோமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வேகம், தூரம், நேரம் என்று கணக்கு டீச்சர் கேட்டால், எந்த இடத்தில் எத்தனை ஆடு குறுக்கே வரும் என்பதையும் விடையில் சேர்ப்பான்.”

6:44
செல்வி அத்தை: ஆடு வேண்டாம். அது நம் ஆடு.

6:45
துரை மாமா: ஒன்றுதான் நம்முடையது

6:45
செல்வி அத்தை: அந்த ஒன்றைப் பார்க்க அனுப்பினால்தானே இவன் ரயில் பார்க்கிறான்.

6:52
பெரியப்பா (வாத்தியார்): ஹரிஷ்: “சத்துணவு முட்டையை வைத்து வங்கி நடத்தியவன். திங்கட்கிழமை வேண்டாம் என்றவனிடம் வாங்கி, பசிக்கிறது என்றவனுக்குக் கொடுத்து, வெள்ளிக்கிழமை ஒன்றரையாகத் திரும்பப் பெறுவான். அரை முட்டையை எப்படி வசூலித்தான் என்பது சத்துணவு அம்மாவுக்கே இன்றுவரை புரியவில்லை. கணக்குத் தேர்வில் 35-ஐத் தொட மூச்சு வாங்குகிறவன், முட்டைக் கணக்கில் ஒரு நாளும் பிசகியதில்லை.”

6:55
ரேவதி அக்கா: பெரியப்பா!! நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. நான் மேடையில் உட்கார்ந்திருக்கும்போது, என் பையன் முட்டையை வட்டிக்கு விட்டான் என்று வாசிப்பீர்களா?

6:56
பெரியப்பா (வாத்தியார்): வட்டி என்ற சொல்லை நான் எழுதவே இல்லையே அம்மா.

6:56
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): ஒன்றரை என்றால் வட்டிதான்

6:57
செல்வி அத்தை: 50 சதவீதம். கந்து.

6:58
ரேவதி அக்கா: அரையைத் தேர்வில் பேப்பர் காட்டச் சொல்லி வசூலித்தானாம். இப்போது கேட்டேன். சிரிக்கிறான்.

7:15
பெரியப்பா (வாத்தியார்): நிவேதா: “காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து இவள் பொறுப்பு. எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய்விடுவாள். இரண்டாம் வரியில் பையன்கள் இறங்கிவிடுவார்கள், மூன்றாம் வரியில் ஆசிரியர்கள். முடிக்கும்போது இவள் மட்டும்தான். 55 விநாடியில் பாட வேண்டும் என்று 2021-ல் அரசாணை வந்தது. நிவேதா 40-ல் முடித்து, மிச்சத்தை எச்.எம். உரைக்கு நன்கொடையாகக் கொடுப்பாள்.”

7:18
துரை மாமா: சூப்பர்

7:18
மீனா: இது அப்படியே இருக்கட்டும்.

7:30
பெரியப்பா (வாத்தியார்): காவியா: “வகுப்புத் தலைவி. பேசியவர் பெயரைப் பலகையில் எழுதுவதில் தாட்சண்யம் பார்க்காதவள். ஒருமுறை பாடம் எடுக்க வந்த ஆசிரியர் போன் பேசிக்கொண்டே நின்றாராம். கடைசியில் அவர் பெயரையும் எழுதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவிட்டாள். நியாயம் என்று வந்தால் விட்டுக்கொடுக்காத குணம்.”

7:41
பாலு சித்தப்பா: அந்தக் குணம் அவள் அப்பா வழியில் வந்தது. எல்லோருக்கும் வராது.

7:42
பெரியப்பா (வாத்தியார்): எந்த அர்த்தத்தில் சொல்கிறாய்?

7:42
பாலு சித்தப்பா: மாமர அர்த்தத்தில்.

7:42
செல்வி அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்.

7:50
பெரியப்பா (வாத்தியார்): இதைப் பொதுவில் பேச வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். கேட்டதால் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது ஒட்டு மாமரம் சாய்ந்தது. வேர் என் கொல்லையில். கிளை மட்டும் வேலி தாண்டி விழுந்தது. ஒரு மரம் யாருடையது என்பதை வேரை வைத்துச் சொல்வார்களா, கிளையை வைத்துச் சொல்வார்களா? நட்டது யார்? அப்பா நட்டார். அப்பா நட்ட இடம் பாகப்பிரிவினையில் யாருக்கு வந்தது?

7:51
பாலு சித்தப்பா: கட்டையை ஏற்றிய லாரி யார் வாசலில் நின்றது?

7:51
தமிழரசி சித்தி: இங்கே ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் பல் விளக்கப் போகலாம்.

7:52
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): அப்பா, விழா

7:58
மீனா: கஜா அன்றைக்கு இந்தப் பிள்ளைகள் நாலாம் வகுப்பு பெரியப்பா. நாமெல்லாம் அந்த உயர்நிலைப் பள்ளியில்தானே முகாமில் இருந்தோம்? காவியாவும் தர்ஷினியும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். இப்போது பத்தாம் வகுப்பு நடக்கிற அதே அறை. மரத்தை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்.

7:59
செல்வி அத்தை: ஆமாம். அந்தப் பள்ளியில் முதலில் தூங்கினார்கள், அப்புறம்தான் படித்தார்கள்.

8:00
துரை மாமா: அபினேஷ் படிக்கும்போதும் தூங்கினான்

8:01
பெரியப்பா (வாத்தியார்): செல்வி, இந்த வரியை எடுத்துக்கொள்கிறேன்.

8:01
செல்வி அத்தை: என் பெயரைச் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

10:32
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): மதியம் பிரியாணி போடுங்கள். செலவு என்னுடையது.

10:33
துரை மாமா: மட்டனா சிக்கனா

10:33
செல்வி அத்தை: இதற்கு மட்டும் உடனே பதில் வரும்.

10:40
ரேவதி அக்கா: மதியம் முடியாது. ஆசிப்புக்கு நோன்பு.

10:41
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): அவனுக்குப் பார்சல்?

10:45
ரேவதி அக்கா: அதைத்தான் அவனும் சொன்னான், நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குக் கட்டிக் கொடுங்கள் என்று. காவியா வகுப்பில் ஓட்டெடுப்பு நடத்திவிட்டாள். சாயங்காலம் அவனோடு சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று 11 பேர். எதிர்த்தவன் ஒருவன். ஆசிப்.

10:46
பாலு சித்தப்பா: 👆 என் பெண்.

10:47
தமிழரசி சித்தி: பல் விளக்கியாயிற்றா?

11:05
பெரியப்பா (வாத்தியார்): ஆசிப்புக்கு எழுதியது இது: “தோப்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருகிறவன். நோன்பு மாதத்தில் மாலைச் சிறப்பு வகுப்புக்குத் தூக்குவாளியில் கஞ்சியோடு வருவான். தான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாளியை மூடி வைத்துக்கொண்டு இயற்பியல் கணக்குப் போடுவான். அந்த மாதத்தில் மட்டும் சிறப்பு வகுப்புக்கு வருகைப் பதிவு முழுமை.”

11:08
தமிழரசி சித்தி: நன்றாக இருக்கிறது அத்தான். காவியா கஞ்சி என்றால் வீட்டில் தொடமாட்டாள், அங்கே இரண்டு டம்ளர்.

11:12
ரேவதி அக்கா: நோன்பு திறக்க ஆறே கால், ஆறரை ஆகும். சாப்பிட்டுக் கிளம்ப ஏழரை. அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. வெளியூர்ப் பெண் பிள்ளைகள் நாலு பேரை யார் கொண்டுபோய் விடுவது?

11:13
துரை மாமா: பாலு வேன்

11:20
பாலு சித்தப்பா: கேட்க வேண்டியவர் கேட்டால் வேன் வரும்.

11:24
பெரியப்பா (வாத்தியார்): ரேவதி, அவனிடம் கேட்டுச் சொல் அம்மா.

11:24
ரேவதி அக்கா: அவர் இதே குழுவில்தான் இருக்கிறார் பெரியப்பா.

11:25
பாலு சித்தப்பா: ரேவதி, நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொல்.

11:50
பெரியப்பா (வாத்தியார்): விஷ்ணு: “மல்லிக் கொல்லையில் விடியுமுன் மொட்டுப் பறித்து, வியாபாரியிடம் எடை போட்டுவிட்டு, அதே கையோடு பள்ளிக்கு வருகிறவன். முதல் பீரியடில் தலை பெஞ்சில் சாய்ந்துவிடும். ஆனால் வகுப்பே மணக்கும்.”

11:55
தமிழரசி சித்தி: தூக்கத்தை எடுத்துவிடுங்கள் அத்தான். நாலு மணிக்கு எழுப்பி அனுப்புவது அவன் அம்மாதான். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் சங்கடப்படுவாள்.

11:57
பெரியப்பா (வாத்தியார்): சரி. மணத்தை மட்டும் வைக்கிறேன்.

11:58
செல்வி அத்தை: அபினேஷ் தூக்கத்தை எடுக்க யாரும் சொல்லவில்லை பாருங்கள்.

மாலை 4:10
பெரியப்பா (வாத்தியார்): தர்ஷினிக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. “அமைதியே உருவானவள்” என்று ஒரு வரி வைத்திருக்கிறேன்.

4:11
மீனா: யார் அமைதி?

4:11
மீனா: என் தங்கையா?

4:16
மீனா: பெரியப்பா, அவள் ஆறாம் வகுப்பு முழுவதையும் என் போனில் படித்தாள். கல்வித் தொலைக்காட்சியில் ஒரு டீச்சர் வந்தால் மறுநாள் அந்த டீச்சராகவே ஆகிவிடுவாள். இப்போது பள்ளியில் இருக்கிற எல்லா சார், டீச்சரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் வந்து போகிறார்கள். எச்.எம். மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுதான் ஆச்சிக்குப் பிடித்தது. அவர்கள் தலையிலேயே இருக்கும்.

4:18
மீனா: [குரல் பதிவு 0:48]

4:21
துரை மாமா: இது யார் குரல்? மச்சான் மாதிரியே இருக்கிறது

4:22
செல்வி அத்தை: அந்தத் தொண்டைக் கனைப்பு!

4:22
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): “ஆகவே ஒரு வகையில் பார்த்தால்” 😂 அப்பா, நீங்களேதான்

4:24
மீனா: ஊரடங்கு தளர்ந்தபோது கோயில் மண்டபத்தில் தமிழ் இலக்கணம், புணர்ச்சி விதி எடுத்தீர்களே, அப்போது பிடித்தது. பதிந்து அனுப்பியது தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவாள். யாரும் சொல்லாதீர்கள்.

4:40
பாலு சித்தப்பா: நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன். விழாவில் அண்ணன் வாசிக்க வேண்டாம், இந்தப் பெண்ணையே அண்ணன் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

4:52
பெரியப்பா (வாத்தியார்): நல்ல யோசனைதான். பாலு சொன்னது.

4:53
செல்வி அத்தை: பெயரைச் சொல்லிவிட்டார்!

4:53
ரேவதி அக்கா: இதே மூச்சில் வேனையும் கேட்டுவிடுங்கள்.

4:54
மீனா: ஐயோ, அவள் மேடையில் ஏறவே மாட்டாள்.

5:10
பெரியப்பா (வாத்தியார்): கனைப்பு அவ்வளவு அதிகமா?

5:11
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): அப்பா

இரவு 8:05
செல்வி அத்தை: இன்னொன்று. ஏப்ரல் 15 சமூக அறிவியல் முடிந்ததும் மை தெளிக்கிற வேலை வேண்டாம் என்று மேடையிலேயே சொல்லிவிடுங்கள். அபினேஷ் சட்டை தம்பிக்கு வேண்டும்.

8:07
ரேவதி அக்கா: முதலில் 28-ஆம் தேதி தமிழ்த் தேர்வைப் பார்ப்போம்.

8:09
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): அபினேஷ் அப்புறம் என்ன படிக்கிறான்?

8:09
செல்வி அத்தை: ஐ.டி.ஐ.

8:09
துரை மாமா: பாலிடெக்னிக்

8:10
மீனா: என்னிடம் பதினொன்று என்றான். பதினொன்றில்தானே சைக்கிள் கொடுக்கிறார்கள்.

8:10
துரை மாமா: வீட்டில் சைக்கிள் இருக்கிறதே

8:11
செல்வி அத்தை: பிரேக் எங்கே இருக்கிறது?

8:20
ரேவதி அக்கா: பெரியப்பா, 12 பேர் என்றீர்கள். ஏழுதான் வந்திருக்கிறது.

8:26
பெரியப்பா (வாத்தியார்): மீதி ஐந்து பேர் தெற்குத்தெரு. அந்தக் குழுவில் நான் இப்போது இல்லை.

8:26
குமார் அண்ணன் (சிங்கப்பூர்): ஏன்?

8:27
செல்வி அத்தை: கோயில் கணக்குக்கு விளக்கம் எழுதினார். இரண்டு நாள் எழுதினார். எடுத்துவிட்டார்கள்.

8:28
மீனா: நான் அதில் இருக்கிறேன். கேட்டு வாங்கவா?

8:29
பெரியப்பா (வாத்தியார்): வாங்கு. நான் கேட்டதாகச் சொல்லாதே.

8:31
துரை மாமா: மட்டனா சிக்கனா? கடைக்காரரிடம் நாளைக்குச் சொன்னால்தான் உண்டு

8:33
ரேவதி அக்கா: ஆசிப் வீட்டில் அறுத்துத் தருவதாகச் சொன்னார்கள். காலையில் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

8:40
பாலு சித்தப்பா: டீசல் யார் போடுவது?

8:41
தமிழரசி சித்தி: அப்படியென்றால் வேன் வருகிறதா?

8:44
பாலு சித்தப்பா: டீசல் யார் என்று மட்டும்தான் கேட்டேன்.