கேக்குக்குள் பை (pie): இம்முறை மூன்றடுக்காகச் செய்ய ஆலோசனை வேண்டும்

கேள்வி (நியூ ஜெர்சி வாசகி):

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு, முழு பம்ப்கின் (பூசணி) பை ஒன்றை உள்ளே வைத்துச் சுட்ட ஸ்பைஸ் கேக்கை (மசாலா மணக்கும் கேக்கை) எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் செய்கிறோம். பை என்பது மாவு ஓட்டுக்குள் பூரணம் நிரப்பிச் சுடும் பலகாரம். பார்த்தவுடன் சிரிப்பு வரவழைக்கும் பலகாரம்தான். ஆனால் கத்தி இறங்கியதும் பழுப்புக் கேக்கின் நடுவே பையின் வெளிறிய ஓடும், அதற்குள் செம்மஞ்சள் பூரணமும் பட்டையாகத் தெரியும் அந்தக் கணத்துக்காகப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள். அது இல்லாமல் எங்களுக்கு அந்தப் பண்டிகை நிறைவதில்லை.

இந்த ஆண்டு என் மகள் செர்பம்பிள் செய்தே ஆக வேண்டும் என்கிறாள். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த சார்லஸ் ஃபீனிக்ஸ் பிரபலமாக்கிய வகை அது. செர்ரி பை வெள்ளைக் கேக்கிலும், பம்ப்கின் பை மஞ்சள் கேக்கிலும், ஆப்பிள் பை ஸ்பைஸ் கேக்கிலும் இருக்க, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எந்த அடுக்கை அடியில் வைப்பது, பைக்கு அடியிலுள்ள கலவை வெந்துவிட்டதை எப்படி அறிவது, இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் என் நாத்தனார் வீட்டுக்கு இதை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (வீட்டு பேக்கர்):

சகோதரி, முதலில் அடுக்கு வரிசை. ஆப்பிள் பையை அடியிலும், பம்ப்கினை நடுவிலும், செர்ரியை உச்சியிலும் வையுங்கள். ஆப்பிள் துண்டுகள் வெந்த பிறகும் ஓரளவு உருக்குலையாமல் எடையைத் தாங்கும். பம்ப்கின் பூரணம் முட்டையால் இறுகியது என்பதால் குளிர்ந்திருக்கும்வரை அசையாது. செர்ரிச் சாறோ எடை ஏறினால் பக்கவாட்டில் பிதுங்கும். செர்ரி பையை வீட்டிலேயே செய்வதானால், பூரணத்தைச் சோள மாவு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டு, கரண்டியிலிருந்து கட்டியாக விழும் பதம் வந்த பிறகே ஓட்டில் நிரப்புங்கள். கொதி வராத சோள மாவு சாற்றைச் சரியாகக் கட்டாது.

கேக்கில் வைப்பதற்கு முன்பே பை முழுதாக வெந்து ஆறியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 8 அங்குலப் பைக்கு, 3 அங்குல உயரமுள்ள 10 அங்குலப் பாத்திரம் வேண்டும். சுற்றிலும் ஓர் அங்குலம் இடைவெளி இருந்தால்தான் கலவை பக்கங்களில் இறங்கிச் சுவராக நிற்கும். அடியில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, பையை மெதுவாக இறக்கி, லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மீதியை ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பையை வைத்தால், அது சுற்றியுள்ள சூட்டை எல்லாம் இழுத்துக்கொண்டு அடிக்கலவையை வேகவிடாது. அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர்ச்சி சற்றுத் தணிந்த பிறகு வைப்பது நல்லது.

வெந்ததா என்று பல்குச்சியை நடுவில் குத்திப் பார்ப்பது இங்கே பயன்படாது. பூரணத்தைத் தொட்டு வரும் குச்சி எப்போதும் ஈரமாகத்தான் வரும். வெப்பமானியைச் சாய்வாகச் செருகி, பைக்கு மேலுள்ள கேக் பகுதியிலும், ஓரத்தில் பையும் சுவரும் சந்திக்கும் அடிப்பகுதியிலும் பாருங்கள். இரண்டிலும் 205 பாரன்ஹீட்டை ஒட்டிக் காட்டினால் இறக்கலாம். வழக்கமான 350-க்குப் பதில் 325 பாரன்ஹீட்டில் சுட்டால் நேரம் கூடுதலாகும், ஒரு மணி நேரத்தையும் தாண்டும். ஆனால் நடுப்பகுதி வேகும்வரை ஓரம் காய்ந்துபோகாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பதில் 2 (பாஸ்டன் அக்கா):

பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூன்றையும் அடுக்கி, ஃப்ராஸ்டிங் பூசி, காரில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு கேக்கும் தனியாகவே நல்ல கனம். வளைவில் திரும்பும்போது மேலடுக்கு சரிந்தால் பிறகு நேராக்க முடியாது. முந்தைய நாளே சுட்டு, முழுதாக ஆறவிட்டு, இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று தனிப் பெட்டிகளில் கொண்டுபோங்கள். பம்ப்கின் பையில் முட்டையும் பாலும் இருப்பதால் அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. உங்கள் பயணமே அவ்வளவு நேரம் என்பதால் ஐஸ் பெட்டி கட்டாயம். க்ரீம் சீஸ் ஃப்ராஸ்டிங்கையும் அதிலேயே வைத்துவிடலாம்.

அங்கே போனதும், ஒவ்வொரு கேக்கின் மேடான உச்சியையும் ரம்பக் கத்தியால் சமமாகச் சீவிவிட்டு அடுக்குங்கள். பையின் ஓடு வெளியே தெரியும் அளவுக்கு ஆழமாகச் சீவ வேண்டாம். வெட்டும்போது நீளமான கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு இறக்கினால் மூன்று பட்டைகளும் கலங்காமல் தெரியும். மூன்றடுக்குத் துண்டு ஒன்றே இரண்டு அல்லது மூன்று பேருக்குப் போதும் என்பதால் மெல்லியதாகவே வெட்டுங்கள்.

பதில் 3 (புதிய உறுப்பினர்):

இன்னொரு வழியும் இருக்கிறது. நியூயார்க்கில் ஸாக் யங் என்ற இனிப்புக் கலைஞர் 2015-இல் பிரபலமாக்கிய பைகேக்கனில் பை கேக்குக்குள் வேகுவதில்லை. அடியில் பெக்கன் (ஒருவகைக் கொட்டை) பை, அதன்மேல் பம்ப்கின் பை, பிறகு ஸ்பைஸ் கேக் என்று தனித்தனியாகச் சுட்டவற்றை அடுக்கி, இலவங்கப்பட்டை மணக்கும் பட்டர்க்ரீமால் இணைத்து, உச்சியில் ஆப்பிள் பூரணம் வைக்கிறார்கள். வேகாத கலவை என்ற பயமே இதில் இல்லை. நேரம் குறைவாக இருந்தால் இதை யோசிக்கலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பைகேக்கன் எளிது என்பது புரிகிறது. ஆனால் பை உள்ளே மறைந்திருந்து, வெட்டிய பிறகு வெளிப்படுவதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கும் விஷயம் என்பதால் செர்பம்பிளையே செய்கிறேன். ஆப்பிளும் செர்ரியும் செவ்வாய் இரவு, பம்ப்கின் புதன் காலை என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஓவனில் ஒரே நேரத்தில் ஒரு பாத்திரம்தான் சீராக வேகும். ஆப்பிள் அடுக்கின் கேக்கில் வழக்கம்போல் ஜாதிக்காய் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். அதில் மட்டும் மாற்றமில்லை.