450 வாட் பவர் சப்ளைக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு சரிவரும்?
வணக்கம் நண்பர்களே. என் பழைய கிராஃபிக்ஸ் கார்டு போன வாரம் உயிரை விட்டுவிட்டது. என் ப்ராசஸர் ரைசன் 5 3600-இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால், வேறு கார்டு போடும்வரை திரையில் படமே வராது. பிளெண்டரில் (3டி காட்சி உருவாக்கும் மென்பொருள்) ஒரு வேலை பாதியில் நிற்கிறது, அதனால் கொஞ்சம் அவசரம்.

மதர்போர்டு பி450, அதாவது கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 தலைமுறை. பவர் சப்ளை 450 வாட். அதிலிருந்து கார்டுக்கு வரும் ஒயர் ஒன்றே ஒன்றுதான், 8 பின். கேபினட்டுக்குள் ஸ்கேல் வைத்து அளந்தேன்: முன்பக்க விசிறிவரை 26 சென்டிமீட்டர்.

யோசனையில் இருப்பவை இரண்டு. ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி மெமரி, ஆனால் 170 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும், ஆனால் 8 ஜிபிதான். லேனும் (ஸ்லாட் வழியே தரவு போகும் பாதை) 16 இல்லை, 8. பெரிய காட்சி ரெண்டர் ஆகும்போது (இறுதிப் படமாக உருவாகும்போது) மெமரி போதாமல் பாதியில் நின்றுபோய் நொந்திருக்கிறேன், அதனால் மனசு 3060 பக்கம் சாய்கிறது. இந்த பவர் சப்ளை அதைத் தாங்குமா? சரி, 4060 என்றே வைத்துக்கொண்டால், பிசிஐஇ 3.0-இல் 8 லேன் என்பது ரெண்டர் வேகத்தில் தெரியும் அளவுக்குக் குறைக்குமா?

இதே மாதிரி போர்டில் இவற்றில் ஒன்றை ஓட்டுபவர்கள் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் கார்டின் நீளத்தையும் அளந்து போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.