அம்மாவுக்கு 57 வயசு, எலும்பு அடர்த்தி குறைவு: வெயிட் தூக்கலாமா?

கேட்டவர்: கும்பகோணத்துப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூர்ல வேலை பாக்குறேன், அம்மா கும்பகோணத்துல தனியா இருக்காங்க. முதுகு வலின்னு டாக்டர்கிட்ட போனப்போ எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கார். முதுகெலும்புல டி-ஸ்கோர் மைனஸ் 1.9. எலும்பு ரொம்ப பலவீனமாகிற ஆஸ்டியோபோரோசிஸ் இன்னும் வரலை, அதுக்கு முந்தின படின்னு சொல்லி கால்சியமும் வைட்டமின் டி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கூடவே, வெயிட் தூக்குற பயிற்சி ஆரம்பிங்க, எலும்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லதுன்னாராம். சுகரும் பார்டர்ல நிக்குது, எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 6.2.

அம்மா மாத்திரையை மட்டும் ஒழுங்கா போடுறாங்க. வெயிட்னு பேச்செடுத்தாலே சண்டை. "அடி இறங்கிடும்டி, உன் பெரியம்மா பட்டது போதாதா?" அப்படிங்கறாங்க. கர்ப்பப்பை இறங்கிடுமோன்னு பயம். எனக்கும் உள்ளுக்குள்ள அந்த சந்தேகம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்பா போனதுல இருந்து அம்மாவுக்கு ராத்திரி தூக்கமும் சரியில்ல. போன்ல எதைக் கேட்டாலும் "ஏதோ ஓடுது"ன்னு ஒரே பதில். இரும்பைத் தூக்கினா மனசுக்கு எப்படி நல்லதாகும்? அந்த வயசுல ஆரம்பிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. யூடியூப் லிங்க் வேணாம், வேண்டிய மட்டும் பாத்தாச்சு.

---

நடைராஜா:

எதுக்கு இந்த வம்பு? மகாமகக் குளத்தைச் சுத்தி காலையில முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லுங்க, போதும். எங்க மாமனாருக்கு 78 வயசு, நடையைத் தவிர ஒண்ணும் தெரியாது, கல்லு மாதிரி இருக்கார். இந்த வயசுல வெயிட் தூக்கினா முட்டிதான் போகும்.

---

பென்ஷன்காரி:

நடைராஜா சார், நடைக்கு நான் விரோதி இல்ல. இதயத்துக்கு நல்லது, நாலு பேரோட பேசிட்டு வரலாம். ஆனா நானும் வருஷக்கணக்கா வேலூர் கோட்டையைச் சுத்தி நடந்தவதான். அப்படி நடந்துட்டிருந்த காலத்துலதான் துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி, கையை ஊணி, மணிக்கட்டு உடைஞ்சுது. நின்ன இடத்துல விழுந்ததுக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதேன்னு கட்டுப் போட்ட டாக்டரே டெக்ஸா எழுதினார். மைனஸ் 2.6, ஆஸ்டியோபோரோசிஸே வந்தாச்சு.

ஏம்மா கும்பகோணத்துப் பொண்ணு, அப்போ எனக்கு உங்கம்மா வயசுதான். இப்போ 61. தபால் ஆபீஸ் கவுன்ட்டர்ல உக்காந்தே சர்வீசை ஓட்டினவ.

கட்டுப் பிரிச்சப்புறம் வலி கொஞ்ச நாள்ல போயிடுச்சு. பயம் போகலை. பாத்ரூமுக்கு சுவரைப் பிடிச்சுட்டே போவேன். டவுன் பஸ் ஏறுறதை விட்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டா மண்டபம் மாடியிலயான்னு முதல்ல கேப்பேன். விழுந்துடுவோம்னு நடமாட்டத்தைக் குறைச்சா தொடை வத்துது, தொடை வத்தினா நிஜமாவே விழுவோம். என் அக்கா வீட்டுக்காரர் இப்படித்தான் படுக்கையில விழுந்தார். அது தெரிஞ்சும் சுவரை விட முடியலை.

எங்க வீடு சாத்துவாச்சாரி. சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துல 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினது எங்க ஊர்ல இருந்துதான். 2018 கோல்ட் கோஸ்ட்லயும் தங்கம். அதனால எங்க பக்கம் பையன் வெயிட் தூக்கினா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பேத்தி எடுத்தவ போய் நின்னாத்தான் பாப்பாங்க. முதல்ல போன ஜிம்முல (பேர் வேணாம்) "ஆன்ட்டி, லேடீஸுக்கு டிரெட்மில்தான்"னு சொல்லிட்டு, ஒரு புரோட்டீன் டப்பாவைத் தலையில கட்டப் பாத்தான். அடுத்தது தகரக் கொட்டாய் போட்ட சின்ன ஜிம். அங்க மாஸ்டர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படிச்சார். அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

முதல்ல இரும்பையே கண்ல காட்டலை. நாற்காலியில கையை ஊணாம உக்காந்து எழுந்திருக்கணும். அது சரியா வந்ததும் ஒரு பிவிசி பைப்பை முதுகோட சேத்துப் பிடிக்கச் சொன்னார். பின்னந்தலை, நடு முதுகு, வால் எலும்பு மூணும் பைப்பைத் தொட்டுட்டு இருக்கணும், அப்படியே குனியணும். செஞ்சு பாருங்க தெரியும்! நாம இத்தனை வருஷமா குனிஞ்சது எல்லாம் முதுகை வளைச்சு. பைப்பு விலகாம குனியணும்னா இடுப்பைப் பின்னாடி தள்ளணும், தொடையோட பின்சதை சுள்ளுனு இழுக்கும். அது பழகினப்புறம்தான் ராடு. அதையும் தரையில வைக்காம பலகை அடுக்கி முட்டிக்குக் கொஞ்சம் கீழ வெச்சார். ராடு காலை உரசினாப்புல இருக்கணும், கை நேரா இருக்கணும், இழுக்கிற நினைப்பே கூடாது, பாதத்தால தரையைக் கீழ அமுக்கறதா நெனைக்கணும். இதுதான் டெட்லிஃப்ட். பேர்தான் பயமா இருக்கும்.

ரெண்டு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போட்டா 2.5 கிலோ ஏறும். அப்படித்தான் ஏத்தினோம், அவசரமே இல்ல. ஆபீஸ் பழக்கம், தேதி, கிலோ, எத்தனை தடவைன்னு எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இப்போ தரையில இருந்து 55 கிலோ தூக்குறேன். என் எடையே 58தான். கடைப் பையன் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வாசல்ல போட்டுட்டுப் போனா நானே உள்ள கொண்டாந்துடுவேன். சுவரைப் பிடிக்கிறது எப்போ நின்னுச்சுன்னு எனக்கே தெரியாது, பேத்திதான் கவனிச்சுச் சொன்னா.

மறுபடி எடுத்த டெக்ஸாவுல மைனஸ் 2.3. மாத்திரையும் விடாம போட்டேன், அதனால இதுக்கு எவ்வளவு பங்கு, அதுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்செல்லாம் சொல்ல முடியாது.

மனசு விஷயம் கேட்டியே. நம்ம வயசுல ஆஸ்பத்திரியில இருந்து வர்ற எந்த நம்பரும் போன தடவையை விட மோசமாத்தான் இருக்கும். பிரஷர், சுகர், கண்ணு பவர், எல்லாம். ஏறினா சந்தோஷப்படுற மாதிரி என்கிட்ட இருக்கிற ஒரே நம்பர் அந்த நோட்டுலதான் இருக்கு. இன்னொண்ணு, 50 கிலோ கையில இருக்கிறப்போ மருமக நேத்து என்ன சொன்னாள்னு யோசிக்க முடியாது. யோசிச்சா ராடு மேல வராது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் நல்லா வருது, அதையும் சொல்லிடறேன்.

கர்ப்பப்பைக்கு வர்றேன். ஒரு குடம் தண்ணி 15 கிலோ. அடுப்படி சிலிண்டர் நிறைய இருந்தா கிட்டத்தட்ட 30 கிலோ. இதையெல்லாம் ஒரு பக்க இடுப்புல இடுக்கியும், கோணலா நகத்தியும் இத்தனை நாள் தூக்கினது யாராம்? நமக்கு வெயிட் புதுசில்ல. ஒழுங்கா தூக்கக் கத்துக்கொடுக்கத்தான் ஆள் இல்ல.

---

பிசியோ_கோவை:

நான் பிசியோதெரபிஸ்ட். பென்ஷன்காரி அம்மா சொன்னதில் குடம் விஷயத்தை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கர்ப்பப்பை இறக்கத்துக்கு முக்கியமான காரணங்கள் சுகப்பிரசவங்கள், வயது, மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன், உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது. பிரசவமான கொஞ்ச நாளிலேயே குடம் சுமக்கப் போன பெண்களை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம், அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஆனால் இறக்கம் இல்லாத ஒருவர் படிப்படியாகப் பளுவைக் கூட்டினால் இறங்கிவிடும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பெரியம்மாவுக்கு இருந்ததால், ஆரம்பிக்கும் முன் ஒருமுறை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம், இருமினால் சிறுநீர் கசிவது இருந்தால் முதலில் இடுப்புத்தள தசைகளுக்கான பயிற்சி, பிறகு பளு. தூக்கும்போது மூச்சை அடக்கி முக்காமல் வெளியே விடவேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இதேதான்.

நடைராஜா அவர்களுக்கு: எலும்பு தனக்குப் பழகிய சுமைக்கு ஏற்றபடிதான் தன்னை வைத்துக்கொள்ளும். விண்வெளியில் சுமையே இல்லாததால் வீரர்கள் இடுப்பெலும்பு அடர்த்தியில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை இழக்கிறார்கள். நடை அதற்கு ஏற்கெனவே பழகிய சுமை, அதைக் கேட்டு எலும்பு புதிதாக ஒன்றும் கட்டாது.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வு 2018-ல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் டெட்லிஃப்ட், பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், கூடவே குதித்து இறங்குவது. பளு ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்சத்தில் 80, 85 சதவீதம், ஐந்தைந்து முறையாக ஐந்து செட். மற்றக் குழு வீட்டில் லேசான பயிற்சி. 8 மாதத்தில் முதல் குழுவின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றதில் 1.2 சதவீதம் குறைந்தது. ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே எல்லாமே பயிற்சியாளர் கண் முன்னால் நடந்தது, முதல் மாதம் அசைவுகளைப் பழகுவதற்கே போனது. தனியாக வீடியோ பார்த்து இந்தப் பளுவைத் தூக்க வேண்டாம். முதுகை வளைத்து எழும் சிட்-அப்பும் கும்பகோணத்து அம்மாவுக்கு வேண்டாம்.

சர்க்கரைக்கும் இது மருந்துதான். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். மனசைப் பற்றிக் கேட்டீர்கள்: 2018-ல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் 33 ஆய்வுகளை, 1,877 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பளுப் பயிற்சி செய்தவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. கவனிக்கவேண்டியது, பலம் எவ்வளவு கூடியது என்பதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. குறைவாகத் தூக்கியவருக்கும் பலன் இருந்தது. ஆனால் தூக்கமின்மையும் பிடிப்பில்லாமையும் தொடர்ந்தால் மருத்துவரிடமும் பேசச் சொல்லுங்கள். ராடு அந்த வேலையை முழுசாகச் செய்யாது.

---

பணகுடிக்காரன்:

எங்க பக்கம் வடலிவிளைக்கு பொங்கலுக்கு வந்து பாருங்க. இளவட்டக்கல்லை, அந்த உருண்டைப் பாறாங்கல்லை, பொம்பளையாளுவளும்தான் தூக்குதாவ. கோயம்புத்தூர் டாக்டர் சொன்ன மூச்சு விஷயம் சரிதான், கல்லு தூக்கத் தெரிஞ்ச பெரியாளுவளும் மொதல்ல அதைத்தான் சொல்லுவாவ.

---

நடைராஜா:

சரி, மாமனார்கிட்ட சொல்லிப் பாக்குறேன். அவர் என்னைத் தூக்கிப் போட்டுடுவார்.

---

கும்பகோணத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பென்ஷன்காரி அம்மா எழுதினதை அப்படியே போன்ல வாசிச்சுக் காட்டினேன். மருமக வரியில அம்மா சிரிச்சுட்டாங்க, ரொம்ப நாள் கழிச்சு. அப்புறம், "அந்தம்மா என்ன டிரெஸ் போட்டுக்கிட்டுப் போறாங்களாம்?"னு கேட்டாங்க. அதனால பாதி சம்மதம்னு எடுத்துக்குறேன். டாக்டர்கிட்ட காட்டிட்டு, வீட்டுப் பக்கத்துல பெண் டிரெய்னர் இருக்கிற ஜிம்மா பாத்திருக்கேன். அம்மா கேக்கச் சொன்னது: டிரெஸ், நேரம், சாப்பாடு. முட்டை சாப்பிட மாட்டாங்க.

---

பென்ஷன்காரி:

பழைய சுடிதார் டாப், கீழ லூசா பேன்ட். துப்பட்டா வேணாம், ராடுல மாட்டும். செருப்பு ஷூ எதுவும் வேணாம், வெறுங்கால்தான் தரையில நல்லா பிடிக்கும். ஜிம்முக்காரர் ஷூ கேட்டா அடி தட்டையா இருக்கிறதா பாருங்க, ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கற ஓட்டப்பந்தய ஷூ ஆகாது.

நேரம் 11 மணி. காலையிலயும் சாயங்காலமும் பசங்க கூட்டம், பாட்டுச் சத்தத்துல மாஸ்டர் சொல்றது காதுல விழாது. 11 மணிக்கு ஃபேனும் நாமளும்தான்.

முட்டை இல்லன்னா தயிர், பனீர், ஒரு கிண்ணம் கொண்டக்கடலை சுண்டல். சாம்பார்ல பருப்பு எங்க இருக்குன்னு தேடுற மாதிரி வைக்காம கெட்டியா வைக்கச் சொல்லு. மூணு இட்லியும் சட்னியும் மட்டும்னா உடம்பு சதை எதை வெச்சுக் கட்டும்? டப்பா பவுடருக்கெல்லாம் இப்போ அவசரமில்ல.

முதல் ரெண்டு தடவைக்கு நீ லீவு போட்டுட்டு வந்து கூடப் போ. நீயும் செய், சும்மா பெஞ்சுல உக்காந்து போட்டோ எடுக்காத. அப்புறம் நாள் முடிவு பண்றப்போ ஒண்ணு. செவ்வாய், வெள்ளின்னு சேர்க்காத. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கணும், விளக்கு தேய்க்கணும், கோயிலுக்குப் போகணும்னு ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு வரும். திங்கள், வியாழன்னு பேசி வெச்சு, பணத்தை மூணு மாசத்துக்கு மொத்தமா கட்டிடு. கட்டின காசு வீணாப் போகுதேன்னாவது போவாங்க, எங்க தலைமுறை அப்படி.