மாமாவுக்கு 65: குடும்பக் குழுவில் ஒரு மெடிகேர் பேச்சு

குழு: நம்ம வீடு (அமெரிக்கா)
2026 மே, சனிக்கிழமை காலை

மாமா: ஆகஸ்டில் எனக்கு 65 முடிகிறது. தபால் பெட்டியைத் திறந்தால், இந்த 65 வயதுக்காரர்களுக்கான அரசு இன்சூரன்ஸ் இருக்கிறதே, அந்த மெடிகேர் விளம்பரமாகக் கொட்டுகிறது. நேற்று ஒருத்தர் போன் போட்டு, "இந்த மாதமே சேராவிட்டால் ஆயுசுக்கும் அபராதம்" என்று பயமுறுத்துகிறார். கண்ணு, நீதான் மெடிகேர் ஆலோசனை சொல்லும் ஷிப் ஆபீஸில் தன்னார்வலராக இருக்கிறாயே, உண்மையா?

நான்: அபராதம் உண்டு மாமா. "இந்த மாதமே" என்பது பொய். பிறந்த மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம். ஆக உங்களுக்கு மே 1 முதல் நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. அப்புறம், நீங்கள் கேட்காமல் இப்படிப் போன் போட்டு பிளான் விற்பதற்கே அனுமதி கிடையாது. மறுபடி கூப்பிட்டால் மெடிகேர் எண், சோஷியல் செக்யூரிட்டி எண் எதையும் சொல்லாமல் வைத்துவிடுங்கள்.

அத்தை: அவர் டிசம்பர் வரை வேலைக்குப் போகப்போகிறார். ஆபீஸ் இன்சூரன்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இப்போதே இது?

நான்: அத்தை சரியான இடத்தைப் பிடித்தார்கள். மாமா, உங்கள் கம்பெனியில் 20 பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் அல்லவா?

மாமா: ஆயிரக்கணக்கில்.

நான்: அப்படியானால் வேலையில் இருக்கும்வரை பார்ட் பி, அதாவது மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி, எடுக்க வேண்டாம், அபராதமும் வராது. வேலை நின்றபின் எட்டு மாதம் தனி அவகாசம் உண்டு. ஆனால் அந்த எட்டு மாதத்தை நம்பி உட்காராதீர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு படிவம்: சிஎம்எஸ் 40பி நீங்கள் நிரப்புவது, எல்564 உங்கள் எச்ஆர் கையெழுத்துப் போடுவது. இரண்டையும் சோஷியல் செக்யூரிட்டிக்கு அனுப்பி, ஜனவரி 1 முதல் வேண்டும் என்று கேளுங்கள்.

மாமா: எச்ஆரில் சொன்னார்கள், வேலையை விட்டபிறகு கோப்ரா எடுத்தால் பழைய இன்சூரன்ஸே 18 மாதம் தொடருமாம். அதை முடித்துவிட்டு மெடிகேருக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

நான்: வேண்டவே வேண்டாம் மாமா. ஷிப்புக்கு வருகிறவர்களில் ரொம்பப் பேர் மாட்டுகிற இடம் இதுதான். கோப்ரா, "வேலையில் இருப்பதால் கிடைக்கும் இன்சூரன்ஸ்" என்ற கணக்கில் வராது. எட்டு மாதம் வேலை நின்ற நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கையில் கார்டு இருக்கிறது, மாதாமாதம் பணமும் கட்டுகிறோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். 18 மாதம் கழித்து வந்தால் வாசல் மூடியிருக்கும். அப்புறம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் சேர முடியும். முழுதாகத் தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பார்ட் பி கட்டணத்தில் 10 சதவீதம் கூடும், அது பி இருக்கும் காலம் முழுக்க.

அத்தை: எனக்கு 62தானே. அவர் வேலையை விட்டால் என் இன்சூரன்ஸும் போய்விடுமா?

நான்: போய்விடும் அத்தை. மெடிகேர் ஆளுக்கு ஆள் தனி, மாமாவுடையது உங்களைச் சேர்த்துக்கொள்ளாது. மாமாவுக்கு ஆகாத கோப்ரா உங்களுக்கு ஆகும், ஏனென்றால் உங்களுக்கு மெடிகேர் வயதே வரவில்லை. இல்லாவிட்டால் அரசின் இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்கலாம், ஆபீஸ் இன்சூரன்ஸ் போனதிலிருந்து 60 நாள் நேரம் கொடுப்பார்கள். இரண்டின் விலையையும் நவம்பரிலேயே கேட்டு வைப்போம்.

அத்தை: எனக்கு 65 ஆகும்போது? நான் இங்கே ஒரு நாள்கூட வேலைக்குப் போனதில்லையே.

நான்: மாமா கட்டிய வரி போதும். அவருக்கு 40 குவார்ட்டர், அதாவது பத்து வருட வேலைக் கணக்கு எப்போதோ சேர்ந்துவிட்டது. அதை வைத்து உங்களுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம். பி கட்டணம் மட்டும் தனியாகக் கட்டணும்.

மாமா: எச்எஸ்ஏவில், அந்த மருத்துவச் சேமிப்புக் கணக்கில், மாதாமாதம் பணம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் ஏதும் சிக்கல்?

நான்: நல்ல வேளை கேட்டீர்கள். ஜூலையோடு நிறுத்துங்கள், கம்பெனி போடும் பங்கையும் சேர்த்து. பார்ட் ஏ டிசம்பரில் கேட்டாலும் ஆகஸ்டிலிருந்தே தொடங்கியதாக எழுதிவிடுவார்கள். ஏ இருக்கும் மாதத்தில் எச்எஸ்ஏவில் பணம் போடக் கூடாது, போட்டால் வரித் தொல்லை. அதனால் ஏவை ஆகஸ்டிலேயே எடுத்துவிடுங்கள், இலவசம்தானே. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் எச்எஸ்ஏ பணம் எங்கேயும் போகாது. பி கட்டணத்தைக்கூட அதிலிருந்து கொடுக்கலாம்.

மாமா: பி எவ்வளவு?

நான்: இந்த வருடம் மாதம் 202.90 டாலர். ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்ப்பார்கள். தம்பதியாகத் தாக்கல் செய்தது 218,000 டாலரைத் தாண்டியிருந்தால் கூடுதல் கட்டணம் வரும். கடிதம் வந்தால் பதறாதீர்கள். "வேலையை நிறுத்திவிட்டேன், வருமானம் குறைந்துவிட்டது" என்று எஸ்எஸ்ஏ-44 படிவம் போட்டுக் குறைக்கச் சொல்லலாம்.

மதியம்

சித்தி: இப்போதுதான் எல்லாம் படித்தேன். மாமா, என்னை மாதிரி அட்வான்டேஜ் எடுத்துவிடுங்கள். மாதக் கட்டணம் பூஜ்யம், பல்லுக்கும் கண்ணாடிக்கும்கூடக் கொடுக்கிறார்கள்.

நான்: சித்தி, உங்களுக்கு அது ஒத்துப்போனதில் சந்தோஷம். ஆனாலும் மாமா முடிவெடுப்பதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளணும். அசல் மெடிகேரில் ஏ ஆஸ்பத்திரிக்கு, பி டாக்டருக்கும் பரிசோதனைக்கும். பியில் வருடத்துக்கு 283 டாலர் நம் பங்கு, அதற்குமேல் 80 சதவீதம் அவர்கள், 20 நாம். அந்த 20க்கு உச்சவரம்பே கிடையாது. புற்றுநோய் சிகிச்சைக்கு மெடிகேர் ஒத்துக்கொண்ட தொகை ஒரு லட்சம் டாலர் என்றால் நம் கையிலிருந்து 20,000. அடுத்த லட்சத்துக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஏயில் 1,736 டாலர் தனி.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று மெடிகேப், அதாவது மெடிகேர் விட்ட பங்கைக் கொடுக்கும் தனியார் துணை இன்சூரன்ஸ். மாதம் பணம் கட்டணும், ஆனால் மெடிகேரை ஏற்கிற எந்த டாக்டரிடமும் போகலாம். இன்னொன்று சித்தி சொல்கிற அட்வான்டேஜ், அதாவது பார்ட் சி. தனியார் கம்பெனி நடத்துவது. அதில் உச்சவரம்பு உண்டு, இந்த வருடம் நெட்வொர்க்குக்குள் 9,250 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஆனால் டாக்டர் அவர்கள் பட்டியலில் இருக்கணும், பல சிகிச்சைக்கு முன்அனுமதியும் வாங்கணும்.

மாமா: முதலில் பூஜ்யம் டாலரில் இருந்து பார்ப்போம். உடம்புக்கு ஏதாவது வந்தால் மெடிகேப்புக்கு மாறிக்கொள்ளலாமே?

நான்: மாமா, இந்த ஒரு கேள்விக்காகவே உங்களிடம் மணிக்கணக்கில் பேசத் தயார். பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், உங்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை, எந்த மெடிகேப் கம்பெனியும் உங்களை மறுக்க முடியாது. சர்க்கரை, இதயம், எந்த நோய் இருந்தாலும் ஒரே விலை. அந்த ஆறு மாதம் போனபிறகு உடல்நலக் கேள்வி கேட்பார்கள், வேண்டாம் என்றும் சொல்லலாம். 65இல் முதல்முறை அட்வான்டேஜில் சேர்கிறவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பிவர உரிமை உண்டு, அவ்வளவுதான். உடம்பு நன்றாக இருக்கும்போது மாறத் தோன்றாது, மாறத் தோன்றும்போது எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் நீங்கள் மெடிகேப் பக்கம்தான் போகணும். மாதக் கட்டணம் கனமாகத் தெரியும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

சித்தி: அப்போது நான்? சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதே.

நான்: நீங்கள் இருப்பது கனெக்டிகட், சித்தி. அங்கேயும் நியூயார்க்கிலும் சட்டம் வேறு. வருடத்தில் எந்த மாதமும், எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் கொடுத்தாக வேண்டும். அதனால் உங்களுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. நியூ ஜெர்சியில் மாமாவுக்கு அந்த வசதி இல்லை.

சித்தி: டிசம்பரில் ஊருக்குப் போய் ஆறு மாதம் இருக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே காய்ச்சல் தலைவலி என்றால் இந்தக் கார்டு ஓடுமா?

நான்: ஓடாது. இந்தியாவில் மெடிகேர் பணம் தராது. சில அட்வான்டேஜ் பிளானில் வெளிநாட்டு அவசரத்துக்கு மட்டும் ஏதாவது இருக்கும், உங்கள் பிளான் புத்தகத்தைப் பாருங்கள். இன்னொன்று, தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஊரைவிட்டு வெளியே இருந்தால் பெரும்பாலான அட்வான்டேஜ் பிளான் உங்களை நீக்கிவிடும். மெடிகேப்பில் ஜி, என் மாதிரிப் பிளான்களில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்கு 250 டாலருக்கு மேல் 80 சதவீதம் தருவார்கள், ஆயுள் முழுக்க 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கிய சிகிச்சைக்குத்தான். அதனால் ஆறு மாதத்துக்கும் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். பிளான் மாறுவதாக இருந்தால் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7க்குள் முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். பி கட்டணத்தையும் ஊரில் இருக்கிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஞாயிறு

அண்ணன்: நம்ம அப்பா அம்மா விஷயத்துக்கு வா. கிரீன் கார்டில் 2021 செப்டம்பரில் வந்தார்கள். இந்தச் செப்டம்பரோடு ஐந்து வருடம்.

நான்: ஆமாம் அண்ணா, நாள்காட்டியில் குறித்தே வைத்திருக்கிறேன். 65 தாண்டிய கிரீன் கார்டுக்காரர்கள் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்தால் மெடிகேர் வாங்கலாம். அவர்களுக்கு ஏழு மாதக் கணக்கு பிறந்தநாளில் தொடங்காது, தகுதி வரும் மாதத்தை வைத்துத்தான். ஜூன் முதல் டிசம்பர் வரை.

அப்பா: பாப்பா, மின்வாரியத்தில் 32 வருடம் வேலை பார்த்தேனே, அது எதற்கும் ஆகாதா?

நான்: இங்கே ஆகாது அப்பா. இந்த நாட்டில் வரி கட்டிய வேலையைத்தான் எண்ணுவார்கள். அண்ணாவும் நானும் கட்டிய வரியும் உங்கள் கணக்கில் சேராது, அதுதான் எனக்கு வருத்தம். அதனால் பார்ட் ஏயை விலைக்கு வாங்கணும்: ஒருவருக்கு மாதம் 565 டாலர். பி 202.90. ஏ வாங்குகிறவர்கள் பியும் எடுத்தே ஆகணும்.

அண்ணன்: இரண்டு பேருக்கும் 1,535.80. மருந்துக்கு டி வேறு.

அப்பா: இவ்வளவு பணமா? நாங்கள் ஊருக்கே போய்விடுகிறோம். அங்கே பென்ஷன் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் பக்கம்.

அண்ணன்: அப்பா, அந்தப் பேச்சே வேண்டாம்.

நான்: அப்பா, ஊருக்குப் போக ஆசை இருந்தால் அது வேறு, அதை உட்கார்ந்து பேசுவோம். இந்தப் பணத்துக்காகப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். வழி இன்னும் இருக்கிறது. ஏ இலவசமாகக் கிடைக்காதவர்கள் மெடிகேரில் சேராமல், இப்போது இருக்கும் மார்க்கெட்பிளேஸ் பிளானிலேயே தொடரலாம். வருமானத்தைப் பொறுத்து மானியமும் கிடைக்கும். ஆனால் பின்னால் பி எடுக்கும்போது தாமதக் கட்டணம் ஏறும், ஏவுக்கும் தனியாக ஏறும். பி மட்டும் எடுக்கவும் முடியும், ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கினால் அந்தச் செலவு முழுக்க நம் தலையில், அது எனக்குச் சம்மதமில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு ஏ, பி இரண்டையும் மாநிலமே கட்டும் கியூஎம்பி என்ற திட்டமும் உண்டு. ஸ்பான்சர் அண்ணன் என்பதால் அவர் வருமானம் குறுக்கே வரலாம். அதை எங்கள் ஷிப் ஆபீஸில் மூத்த ஆலோசகரோடு உட்கார்ந்து பார்ப்போம், அந்த ஆலோசனைக்குக் காசு கிடையாது.

அம்மா: என் இன்சுலினுக்கு இப்போது நிறையப் போகிறதே, மெடிகேர் வந்தால் குறையுமா?

நான்: குறையும்மா. பார்ட் டி எடுத்தால், பிளான் பட்டியலில் உள்ள இன்சுலின் ஒவ்வொன்றுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. பட்டியலில் உள்ள எல்லா மருந்தும் சேர்த்து வருடத்துக்கு 2,100 டாலர்தான் நம் பங்கு, அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

அண்ணன்: 2023இல் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் நாலு மாதம் இருந்தார்களே, ஐந்து வருடத் தொடர்ச்சி அறுந்துவிடுமா?

நான்: நாலு மாதத்துக்குப் பயமில்லை அண்ணா. ஆறு மாதத்துக்கு மேல் போனால்தான் கேள்வி வரும். போன தேதி, வந்த தேதி எழுதி வைத்துவிடுங்கள். ஜூன் முதல் வாரத்துக்கு சோஷியல் செக்யூரிட்டியில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். அதற்கு முன் ஒரு நாள் ஷிப்.

அண்ணன்: திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அதுதான்.

அப்பா: பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட், இரண்டு பேர் கிரீன் கார்டு, எல்லாம் ஒரு கவரில் போட்டுவிட்டேன்.

நான்: நல்லது அப்பா. அம்மாவின் மருந்து டப்பாக்களை வரிசையாக வைத்து லேபிள் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புங்கள். பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை. அதை வைத்துத்தான் மெடிகேர் தளத்தில் டி பிளான்களை ஒப்பிடணும். மாமா, நீங்களும் அனுப்புங்கள்.

மாமா: என்னுடையது ஐந்து டப்பா. இதோ எடுக்கிறேன்.