அறிகுறிமட்டு: மூளையதிர்வுப் பயிற்சிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதற்கு, அதாவது 'கன்கஷனுக்கு', நம் கலைச்சொல் குழுவில் 'மூளையதிர்வு' முடிவானதில் மகிழ்ச்சி. 'அதிர்ச்சி' என்றால் கெட்ட செய்தி கேட்ட அதிர்ச்சியும் மின்னதிர்ச்சியும் கூடவே வந்துவிடும். ஆனால் அடுத்த சொல்லான, 'சிம்ப்டம் த்ரெஷோல்டு'க்கு வந்த 'அறிகுறி வாசல்' எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெட்டியும் பேரி வில்லரும் உருவாக்கிய டிரெட்மில் சோதனையில், தலையில் அடிபட்டவர் ஒரே வேகத்தில் நடப்பார். நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றம் கூடும். தலைவலியும் கிறுகிறுப்பும் எப்படி இருக்கின்றன என்று பத்துக்கு இத்தனை எனச் சொல்லிக்கொண்டே வருவார். அந்த எண் தெளிவாக ஏறியதும் நிறுத்தி, அப்போதைய நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். நாம் சொல் தேடுவது இந்த அளவுக்குத்தான். அது 140 என்று வையுங்கள். அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 112க்கும் 126க்கும் நடுவில் துடிப்பு நிற்கும்படி தினமும் இருபது நிமிடம் நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் மிதிக்க வேண்டும்.

வாசல் என்றால் உள்ளே போகத்தான் தோன்றும். இது போகக் கூடாத இடம். 'எல்லை' பரவாயில்லை, ஆனால் எல்லைக்கல் நகராது. இதுவோ உடம்பு தேறத் தேற மேலே ஏறுவது. மறுபடி சோதித்தால் 140 என்பது 150 ஆகியிருக்கும்.

அதனால் 'மட்டு' என்கிறேன். முழங்கால் மட்டும் தண்ணீர் என்கிறோம். தண்ணீர் ஏறினால் அந்த மட்டு என்பதும் கூடவே ஏறும். மட்டற்ற, மட்டுமீறிய, மட்டுக்கடங்காத என்று மீறலைச் சொல்லவும் பழகிய சொல். கணினித் தமிழில் மாட்யூலுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியும். 'அறிகுறிமட்டு' என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

பயிற்சிக்கு 'மட்டுக்கடங்கிய பயிற்சி'. அடங்குதல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். நான் பிசியோதெரபி பார்ப்பவள். ஒரு முறை 'அறிகுறி வரும் வரை நடக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். வண்டியிலிருந்து விழுந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர், தலை வலித்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு, தினமும் வலி வரும்வரை நடந்திருக்கிறார். தவறு என் சொல்லில்தான். இன்றும் அது உறுத்துகிறது.

இன்னொரு பக்கம், இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைக்கும் வீடுகளும் உண்டு. விளையாட்டில் அடிபடுவோருக்காக ஆம்ஸ்டர்டாமில் 2022இல் கூடிய வல்லுநர்கள், அசையாத முழு ஓய்வு வேண்டாம், முதல் இரண்டு நாளிலேயே லேசாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சி உண்டு, அளவும் உண்டு என்பதைச் சொல்லே சொல்லிவிட்டால் வீட்டாருக்கும் புரியும்.

அப்புறம் 'ஏரோபிக்'. குழுவில் வந்த 'நெடுமூச்சுப் பயிற்சி' வேண்டாம், அது பெருமூச்சு. 'உயிர்வளிப் பயிற்சி' என்றால் என்னிடம் வருபவர்கள் பிராணாயாமம் என்றே நினைக்கிறார்கள். 'தொடரியக்கப் பயிற்சி' எப்படி? நிற்காமல் ஒரே சீராகச் செய்வது என்பதாவது காதில் விழும். இதைவிட நல்லது கிடைக்கும்வரை கையேட்டில் ஏரோபிக் என்றே வைத்திருக்கிறேன்.