மெம்பிரேன் மாற்றி மூன்றே வாரம், டிடிஎஸ் மறுபடி ஏறுகிறது

சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறோம். முழுக்க போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1450. ஐந்து வருட ஆர்ஓ மெஷினில் மூன்று வாரத்துக்கு முன் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் புதுசு போட்டோம் (80 ஜிபிடி, அதாவது நாளைக்கு 80 கேலன்). அன்று 95 காட்டிய மீட்டர் இன்று காலை 430 காட்டுகிறது. டீயின் மேல் பழையபடி ஏடு படிகிறது, வாயில் லேசாக உப்புக் கரிக்கிறது. வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருப்பதால் இப்போதைக்கு கேன் தண்ணீர்.

செடிமென்ட், கார்பன் ஃபில்டர் இரண்டும் மாற்றியாச்சு. மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கலக்கும் டிடிஎஸ் கன்ட்ரோல் வால்வை முழுசாக மூடிப் பார்த்தேன். கழிவு நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரும் புதுசு. கழிவு நீர் சரியாகத்தான் போகிறது, ஆனால் டேங்க் முன்பைவிட சீக்கிரம் நிரம்புகிறது. அடைப்பு என்றால் வரத்து குறையத்தான் செய்யும், அதுதான் உறுத்துகிறது. சர்வீஸ்காரர் இன்னொரு மெம்பிரேன் போடச் சொல்கிறார்.

அதற்குச் செலவு செய்யும் முன், மெம்பிரேன் இருக்கும் ஹவுசிங்குக்குள் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகத்தான் உப்புத் தண்ணீர் கலக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?